எழுத்தை எடைக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் பெயர்ப்பலகைத் தமிழைப் பற்றி அடிக்கடி கடிதம் வருகிறது. பஸ் தரிப்பிடத்தில் இப்படி எழுதியிருக்கிறார்கள், அலுவலக வாசலில் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று மனம் நொந்து எழுதுகிறார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. 1987ஆம் ஆண்டு இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அதற்குப் பிறகும் சொந்த ஊரின் பெயரைச் சொந்த எழுத்தில் சரியாகப் பார்க்க முடியவில்லை என்றால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்தப் பிழைகள் எந்த இடத்தில், எப்படி உண்டாகின்றன என்று யாரும் எழுதக் காணவில்லை. எனக்கு அதில் சொல்ல இருக்கிறது. அதோடு பழைய அச்சகங்களில் கிடக்கும் ஈய எழுத்துகளைப் பற்றி ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் முதற்பாதியைச் சுருக்குங்கள். கடைசிப் பகுதியில் கை வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவன். பதினேழு வயதில், 1971இல், ஹட்டன் நகரில் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் கூட்டுவதும் எழுத்துக் கழுவுவதும்தான் வேலை. பிறகு, ஈய எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கும் ஸ்டிக் என்ற கைத்தட்டைக் கையில் கொடுத்தார்கள். 2005 வரை அச்சுக்கோப்பாளராகவே இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, தேர்த் திருவிழா நோட்டீஸ், சங்கங்களின் துண்டுப்பிரசுரம், பில் புத்தகம், காமன் கூத்து விளம்பரம் என்று என் கை கோக்காதது இல்லை. எல்லாவற்றையும் விட அதிகம் கோத்தது மரண அறிவித்தல். இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டி, அழுத கண்ணோடு ஒரு தாளை நீட்டுவார்கள். விடிவதற்குள் அடித்துக் கொடுத்தால்தான் முதல் பஸ்ஸில் தோட்டம் தோட்டமாகப் போகும். எங்கள் மக்களின் பெயர்களில் ‘மு’ அதிகம். முத்து, முனியாண்டி, முருகாயி. சில இரவுகளில் பெட்டியில் ‘மு’ தீர்ந்துவிடும். வேறொரு வேலைக்குக் கோத்து வைத்திருந்ததிலிருந்து ஒவ்வொன்றாக உருவி எடுப்போம். இறந்தவருடைய பெயரில் ஓர் எழுத்தை மாற்றிப் போட எங்களில் எவருக்கும் மனம் வராது.

இனிப் பலகைக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். கொட்டகலை, பொகவந்தலாவை, நோர்வூட், டிக்கோயா, மஸ்கெலியா, பூண்டுலோயா, வட்டகொடை, நுவரெலியா. ஒவ்வொன்றிலும் ஒற்றைக் கொம்போ இரட்டைக் கொம்போ இருக்கிறது. ‘கொ’ என்று சொல்லும்போது வாயில் முதலில் வருவது ககரம்தான். எழுதும்போதோ கொம்பைப் போட்டு, ககரத்தைப் போட்டு, அரவைப் போடுகிறோம். ஈய எழுத்தில் இவை தனித்தனியான மூன்று துண்டுகள். கண் பார்க்கும் வரிசையில்தான் எடுத்து அடுக்குவோம். இன்றைய கணினி அப்படி அல்ல. வாயின் வரிசையில் நினைவில் வைத்துக்கொள்கிறது: முதலில் க, அடுத்து ஒகரக் குறி. திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைப்பது மென்பொருளின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை அறியாத மென்பொருளில், அல்லது அறிந்திருந்தும் அதற்கான தெரிவை முடுக்காமல் விட்ட மென்பொருளில் ‘கொட்டகலை’யைக் கொண்டுபோய் ஒட்டினால், கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் விழும். சில வேளை புள்ளிகளால் ஆன ஒரு வட்டமும் பக்கத்தில் வந்து நிற்கும். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் அந்த மேசையருகில் இருந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். தெரியாதவருக்கு எல்லாம் வளைந்த கோடுகள்தான். அப்படியே தகட்டில் அடித்து, கம்பத்தில் பூட்டி, அடியில் சீமெந்தும் போட்டுவிடுகிறார்கள்.

பாமினி எழுத்துருவில் அடித்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். பாமினியில் கொம்பை முதலில் தட்ட வேண்டும், நாங்கள் ஈயத்தில் எடுத்தது போலவே. ஆனால் பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்தியது. அந்தப் போர்வை இல்லாத கணினிக்குக் கோப்பை அனுப்பினால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். கல்யாண வீட்டு பனர் ஒன்றில் மணமகளின் பெயர் இப்படி ஆங்கில எழுத்துக் குவியலாகத் தொங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

இவற்றையெல்லாம் எனக்கு விளக்கியவள் என் மகள் வயிற்றுப் பேத்தி. கொழும்பில் கிராபிக் டிசைன் படிக்கிறாள், மூன்றாம் ஆண்டு. விடுமுறைக்கு வந்திருந்த அவளிடம், கொம்பு பின்னால் விழுந்திருந்த கொட்டகலைப் பலகை ஒன்றைப் பற்றி நான் புலம்பியபோது, மடிக்கணினியைத் திறந்து அந்தத் தெரிவை அணைத்தும் முடுக்கியும் காட்டினாள். கொம்பு ஓடிப் பின்னால் போனது. திரும்பி வந்து முன்னால் நின்றது. “தாத்தா, இந்தத் தெரிவின் பெயரைப் பாருங்கள்” என்றாள். அந்தப் பெயரில் ‘கொம்போசர்’ என்ற சொல் இருந்தது. எங்களைக் கொழும்பிலிருந்து வரும் முகவர்கள் கொம்பொசிட்டர் என்றுதான் அழைப்பார்கள். 34 ஆண்டு என் விரல் செய்த வேலையின் பெயர் அங்கே இருக்கிறது. அன்று இரவு எனக்கு வெகு நேரம் தூக்கம் வரவில்லை.

அந்த விடுமுறையில் அவள் ஊருக்கு வந்தது ஓய்வுக்காக அல்ல. கட்டிலுக்கு அடியில் நான் வைத்திருந்த எழுத்துப் பெட்டிகளுக்காகத்தான் வந்தாள். அவை எப்படி அங்கே வந்தன என்பதைச் சொல்ல வேண்டும்.

நான் வேலை செய்த அச்சகம் ஓப்செட் அச்சுமுறைக்கு மாறி, பிறகு கணினிக்கு மாறியது. அதில் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. தொழில் மாறத்தான் வேண்டும். ஆனால் எழுத்துகளை என்ன செய்வது என்ற கேள்வி வந்தபோது, பழைய இரும்புக் கடைக்காரருக்கு ஆள் அனுப்பினார்கள். ஈயத்துக்கு விலை இருந்தது. எழுத்துக்கு விலை இருக்கவில்லை. பெட்டியை அப்படியே கவிழ்த்து உரச் சாக்குகளில் கொட்டினார்கள். கேசரி நிறத்தில் ஒரு லொறி வந்து நின்றது. சாக்குகளைத் தூக்கி ஏற்றியவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு அது எனக்குச் சம்பளம் தந்த வேலை. சாக்கு ஒவ்வொன்றும் கல் மாதிரி கனத்தது. உள்ளே எழுத்துகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம், ஆற்று மணலை அள்ளும்போது வருமே, அந்தச் சத்தம். இன்னும் காதில் இருக்கிறது. கடைசிச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லி இரண்டு எழுத்து வகைகளை மட்டும் நான் கேட்டு வாங்கினேன். ஒன்று 12 பொயின்ட் சாதாரண எழுத்து. மற்றது 36 பொயின்ட் தலைப்பெழுத்து, உயரம் அரை அங்குலம். அதில் எல்லா எழுத்தும் இல்லை.

தமிழ் எழுத்துப் பெட்டி என்றால் இளைய வாசகர்களுக்குத் தெரியாது. 247 எழுத்து என்று பாடசாலையில் படிக்கிறோம். பெட்டியில் அத்தனை குழிகள் இருக்காது. கா, கெ, கை போன்றவற்றை அரவும் கொம்பும் சேர்த்து ஆக்கிக்கொள்வோம். ஆனால் கி, கீ, கு, கூ வரிசைகளைச் சேர்த்து ஆக்க முடியாது. ஒவ்வொன்றும் தனி வார்ப்பு. உயிரெழுத்து, புள்ளி வைத்தது, புள்ளி வைக்காதது என்று எண்ணிக்கொண்டு போனால் கிரந்த எழுத்தையும் இலக்கங்களையும் சேர்க்காமலே 130 குழிகள் வந்துவிடும். எங்களிடம் ஹகரம் மிகக் குறைவு. அதனால்தான் அந்தக் காலத்து நோட்டீஸ் பலவற்றில் ஊர்ப் பெயரை ‘அட்டன்’ என்று கோத்தோம். பேத்தி இதைக் கேட்டு வியந்தாள். பெயரின் எழுத்துக்கூட்டலைப் பெட்டியில் இருந்த கையிருப்பு தீர்மானித்தது என்பதை அவள் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள்.

முதல் மூன்று நாள் கோக்க மட்டுமே கற்றுக்கொடுத்தேன். ஸ்டிக்கை இடக்கையில் பிடித்து, எழுத்தைத் தலைகீழாக, ஆனால் இடமிருந்து வலமாக அடுக்க வேண்டும். எழுத்தின் உடலில் ஒரு வெட்டுக்குழி இருக்கும். அது கட்டைவிரலில் தட்டுப்பட்டால் எழுத்து சரியான பக்கம் நிற்கிறது என்று பொருள். கண்ணால் பார்க்கத் தேவையில்லை. அவள் முதல் நாள் ஒவ்வோர் எழுத்தையும் முகத்துக்கு நேரே தூக்கித் தூக்கிப் பார்த்தாள். மூன்றாம் நாள் மாலை அவளுடைய கட்டைவிரல் தானாகவே குழியைத் தேடியது. அதைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை எழுத எனக்குத் தெரியவில்லை. ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன்: ஈயத்தைத் தொட்ட கையோடு வாய்க்கு எதையும் கொண்டு போகக் கூடாது. எழுத்தில் ஈயத்தோடு அன்டிமனியும் வெள்ளீயமும் கலந்திருக்கும். எங்கள் காலத்தில் இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

தலைப்பெழுத்துப் பெட்டியில் பழைய ‘லை’ இருந்ததை அவள்தான் கண்டாள். இப்போது நாம் லகரத்துக்கு முன்னால் இரட்டைச் சுழியைப் போடுகிறோம். முன்பு ணை, லை, ளை, னை நான்குக்கும் தலையின் மேல் யானைத் தும்பிக்கை போல ஒரு வளைவு இருக்கும், ஒரே வார்ப்பாக. பெரியார் 1930களிலேயே தம் பத்திரிகையில் இந்த வளைவுகளைக் கைவிட்டார். தமிழ்நாட்டு அரசு 1978இல் ஆணை போட்டு மாற்றியது. அதன்பின் வந்த எழுத்துகளில் தும்பிக்கை இல்லை. மாற்றம் கோப்பவனுக்கு நல்லதுதான். அதோடு மாறிய பழைய ணா, றா, னா மூன்றையும் சேர்த்து ஏழு குழி மிச்சமானது. என்றாலும், அந்த ‘லை’யை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பேத்தி ஜன்னல் பக்கம் திரும்பி எதிரே இருந்த மலையைப் பார்த்தாள். “தாத்தா, இது நம்முடைய மலையின் கோடு” என்றாள். நான் அந்த எழுத்தை எத்தனை ஆயிரம் தடவை தொட்டிருப்பேன். அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை.

‘மலை’ என்று இரண்டே எழுத்தைக் கோத்தோம். இயந்திரம் இல்லை, டிரெடில் என்ற கால்மிதி அச்சு இயந்திரத்தையும் எடைக்குத்தான் போட்டார்கள். மரச்சட்டத்தில் எழுத்தை இறுக்கி, சிறிய ரோலரால் கறுப்பு மை பூசி, தாளை மேலே வைத்து, தேக்கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்தோம். முதல் தாள் நல்ல கறுப்பு. நான் வழக்கம் போல மீண்டும் மை பூசப் போனேன். “பூசாதீர்கள்” என்று கையைப் பிடித்தாள். மை பூசாமலே இரண்டாம் தாள், மூன்றாம் தாள். எட்டாம் தாளில் ‘மலை’ இருந்தும் இல்லாமலும் இருந்தது. எங்கள் தொழிலில் அது கழிவுத் தாள். முதலாளி பார்த்தால் சம்பளத்தில் பிடிப்பார். அவள் அந்த எட்டுத் தாளையும் சுவரில் வரிசையாக ஒட்டி என்னைத் தள்ளி நின்று பார்க்கச் சொன்னாள். பக்கத்து மலை கறுப்பு, அதற்குப் பின்னால் உள்ளது சாம்பல், அதற்கும் பின்னால் பனிமூட்டத்துக்குள் போவது. காலை ஆறரைக்கு எங்கள் வாசலில் நின்றால் தெரிவது இதுதான்.

இப்படி 12 தடவை மை பூசி, ஒவ்வொரு தடவைக்கும் எட்டுத் தாளாக 96 தாள் எடுத்தோம். இரண்டரை நாள் பிடித்தது. ஆனி மாத மழை. தாள் ஈரத்தை இழுத்து அப்பளம் போல வளைந்தது, மை காய மறுத்தது. அடுப்பங்கரையில் கொடி கட்டிக் காயப்போட்டோம். தாளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்து, கைத்தொலைபேசியை நாற்காலி முதுகில் கட்டி நிறுத்தி, படம் எடுத்தாள். விநாடிக்கு 12 படம் என்று கணக்கு. 96 தாளும் சேர்ந்து எட்டு விநாடி வீடியோ. இரண்டரை நாள் வேலை எட்டு விநாடியில் முடிந்துபோகிறதே என்று எனக்கு முதலில் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த எட்டு விநாடியில் மூட்டம் வந்து ‘மலை’யை மூடுகிறது, விலகுகிறது, மறுபடி மூடுகிறது. கையால் எடுத்த தாள்கள் ஆகையால் எழுத்து ஒரே இடத்தில் நிற்காமல் மெல்ல நடுங்குகிறது. குளிரில் நிற்பவர் நடுங்குவது போல. கணினியிலேயே இதைச் செய்ய முடியாதா என்று கேட்டேன். செய்யலாம், ஆனால் அந்த நடுக்கத்தைத் தான் யோசித்துப் போட வேண்டியிருக்கும், இது தானாக வந்தது என்றாள்.

எல்லாம் இப்படிக் கைகூடவில்லை. ஸ்கிரீன் பிரிண்டிங் செய்து பார்க்க வேண்டும் என்று சட்டமும் வலையும் கொண்டுவந்திருந்தாள். அந்த ஈரத்தில் வலையில் பூசிய பசை காயவே இல்லை. விட்டுவிட்டோம்.

ஒரு நாள் எங்களுக்குள் சண்டையே வந்தது. அச்சடித்த தாள்களில் வரிகளைக் குறுக்கே, எழுத்தின் இடுப்போடு, கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டிருந்தாள். மேற்பாதி ஒரு குவியல், கீழ்ப்பாதி ஒரு குவியல். “எழுத்தை வெட்டுவது என்ன பழக்கம்?” என்று சத்தம் போட்டுவிட்டேன். அவளும் முகத்தைத் தூக்கிக்கொண்டாள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மேற்பாதித் துண்டுகளை மட்டும் என் முன் வைத்து வாசிக்கச் சொன்னாள். க, ச, த மூன்றும் எனக்கே குழம்பின. ‘மழை’ என்ற சொல்லின் கீழ்ப்பக்கத்தை மறைத்தால் இரண்டு மகரம் நிற்பது போல இருந்தது. ழகரத்தின் உயிர் அதன் வாலில்தான் இருக்கிறது. பிறகு தன் கைத்தொலைபேசியில் எடுத்து வைத்திருந்த பலகைப் படங்களைக் காட்டினாள். மூன்று மொழிப் பலகைகளில் மற்ற வரிகளுக்குத் தாராளமாக இடம் விட்டு, தமிழ் வரியை நெருக்கிப் போட்டு, கு, மு, ழ எழுத்துகளின் அடிப்பாகம் சட்டத்துக்குள்ளேயோ அடுத்த வரிக்குள்ளேயோ போய் மறைந்திருந்தது. ஆங்கிலப் பெரிய எழுத்துக்குக் கீழே வால் இல்லை. அதன் உயரத்தை வைத்துத் தமிழுக்கும் இடம் ஒதுக்கினால் வால்தான் அறுபடும். எழுத்துக்கூட்டல் சரியாக இருந்தும் பலகை வாசிக்க முடியாமல் போவது இதனால்தான். கத்தரிக்கோல் காட்டும்வரை நானும் இதை எண்ணிப் பார்த்ததில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

வகுப்பில் ஆங்கில எழுத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர் சொல்லிக் கொடுக்கிறார்களாம். தமிழுக்கு அப்படி ஓர் அட்டவணை அவள் கைக்குக் கிடைக்கவில்லை. என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டாள்: கொம்பு, அரவு, விசிறி, சுழி, விலங்கு, புள்ளி, தும்பிக்கை. திண்ணைப் பள்ளியில் படித்த கிழவர்கள் வாயில் இருந்த சொற்கள் அவளுடைய பாட அட்டவணையில் ஏறிவிட்டன.

இன்னொன்றையும் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனமில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும், முன்பு பலகைப் பெட்டியில் தேயிலை போகும் காலத்தில் ஒவ்வொரு பெட்டியிலும் துளைத் தகட்டை வைத்து மை அடிப்பார்கள். தோட்டத்தின் பெயர், பி.ஓ.பி. அல்லது பி.ஓ.பி.எப். என்று தரம், நிறை. எல்லாம் ஆங்கிலத்தில். பறித்தவர் பெயருக்கு அதில் என்றைக்கும் இடம் இருந்ததில்லை. பேத்தி தடித்த அட்டையில் தமிழில் அப்படி ஒரு துளைத் தகடு வெட்டினாள். இதிலும் எழுத்தின் குணம் வெளிப்பட்டது. ட, ப, ய, ர ஆகியவை திறந்த எழுத்துகள். வெட்டினால் அப்படியே நிற்கும். க, த, ண போன்றவற்றில் சுழி மூடிக்கொள்வதால் நடுத்துண்டு உதிர்ந்து விழுந்துவிடும். அதை விழாமல் பிடிக்க ஒரு சிறு பாலம் விட வேண்டும். அந்தப் பாலத்தை எங்கே விட்டால் எழுத்து எழுத்தாகவே தெரியும் என்று கண்டுபிடிக்க ஒரே ககரத்தை ஒன்பது தடவை வெட்டினாள். ஒன்பதாவதைத்தான் நான் ஒப்புக்கொண்டேன்.

மைக்குக் கடைக்குப் போகவில்லை. துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் ஒரு வாரம் ஊறப்போட்டிருந்தாள். கடுஞ்சாயமாகக் காய்ச்சி வற்றவைத்த தேயிலை நீரில் அதை ஊற்றியதும், செம்பழுப்பு நிறம் கண் முன்னே கறுத்தது. தேயிலையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பாகும். பழைய காலத்தில் எழுதும் மையையும் ஏறக்குறைய இந்த முறையில்தான் செய்தார்கள் என்று விளக்கினாள். கொஞ்சம் கஞ்சி சேர்த்துக் கெட்டியாக்கி, கடற்பஞ்சால் ஒற்றி எடுத்தாள். தோட்டத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவளுடைய அம்மாயியின் பெயர். தரம் இருக்க வேண்டிய இடத்தில் அம்மாயி கொழுந்து பறித்த ஆண்டுகள், 38. நிறை எழுதும் இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள்.

என் மனைவிக்கு வாசிப்பு அதிகம் வராது. தன் பெயரைத் தெரியும். வாசலில் காய்ந்துகொண்டிருந்த தாளின் முன் நின்று, “இது என் பெயரா? இவ்வளவு பெரிதாகவா?” என்று கேட்டாள். அவள் பெயர் இதற்கு முன் அச்சில் வந்தது எங்கள் கல்யாணப் பத்திரிகையில் மட்டும்தான். அதைக் கோத்தவன் நான், 12 பொயின்டில்.

உறவினர்கள் என்னிடம் கேட்கிறார்கள், பிள்ளை படம் வரையவா கொழும்புக்குப் போய்ப் படிக்கிறது, இதில் என்ன தொழில் இருக்கிறது என்று. உயர்தரம் சித்தியடைந்த பிள்ளை ஆசிரியராகலாம், வங்கிக்குப் போகலாம் என்று நினைக்கும் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். மாதச் சம்பளம் வீட்டுக்கு வர வேண்டும். ஆனால் அந்தக் கொட்டகலைப் பலகையைச் செய்த மேசையில் எங்கள் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருந்தால் அந்தப் பிழை கம்பத்தில் ஏறியிருக்காது. மருந்துப் பெட்டி, வாக்குச்சீட்டு, ரயில் நிலைய அறிவிப்பு, மண்சரிவு எச்சரிக்கைப் பலகை என்று தமிழ் எழுத்து தேவைப்படும் இடம் எத்தனை! மண்சரிவு எச்சரிக்கை வாசிக்க முடியாமல் இருந்தால் அது வெறும் மொழிக் குறை மட்டுமா? அதைச் செய்யத் தெரிந்த ஆளுக்கு வேலை இல்லாமல் போகாது.

இது எங்கள் மண்ணுக்குப் புதியதும் அல்ல. 1930களில் கோ. நடேசய்யர் ஹட்டனில் இருந்து தொழிற்சங்கம் நடத்தினார். பத்திரிகையும் நடத்தியவர் அவர். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை தோட்டத் தொழிலாளரின் நிலைமையைப் பாட்டாகக் கட்டிப் பாடினார். அந்தப் பாட்டுகள் அச்சாகித் தோட்டங்களுக்குள் போயின. வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசிக்க, தெரியாத பத்துப் பேர் கேட்டார்கள். அந்தத் தாள்களுக்கும் யாரோ ஒருவர் ஈய எழுத்தைத்தான் கோத்திருப்பார்.

இனி என் வேண்டுகோள். ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி, கண்டி, மாத்தளை, பதுளை, பண்டாரவளை நகரங்களில் பழைய அச்சகங்களின் பின்னறைகளில் இன்னும் ஈய எழுத்து கிடக்கிறது. சில இடங்களை நானே அறிவேன். கடையைத் திருத்தும்போதோ, பெரியவர் காலமாகி மகன் பொறுப்பேற்கும்போதோ அது எடைக்குப் போகிறது. அச்சக உரிமையாளர்களே, ஈயத்துக்குக் கிடைக்கும் தொகையை நான் அறிவேன். அதை வேண்டாம் என்று விடுவது எளிதல்ல என்பதும் தெரியும். முழுவதையும் கேட்கவில்லை. ஓர் எழுத்து வகையை, ஒரு பெட்டியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கலந்து கிடந்தாலும் பரவாயில்லை. பிள்ளையார், குத்துவிளக்கு, கும்பம் பொறித்த கல்யாணப் பத்திரிகை பிளாக்குகள் இருந்தால் அவற்றையும் வையுங்கள். மர எழுத்து இருந்தால் தயவுசெய்து அடுப்புக்குப் போடாதீர்கள். தோட்டத் தொழிற்சாலைகளில் தேயிலைப் பெட்டித் துளைத் தகடுகள் ஏதேனும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தால் அவையும் இதில் சேர்ந்தவைதான்.

எந்தப் பிள்ளையாவது வந்து கேட்டால் தொட்டுப் பார்க்கக் கொடுங்கள், கை கழுவச் சொல்லுங்கள். சிறு குழந்தைகள் கையில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் உருக்க வேண்டாம். அந்தப் புகை கேடு. நகர நூலகங்கள் ஒரு மூலையில் ஒரு மேசையும் ஓர் எழுத்துப் பெட்டியும் ஒரு சின்ன ரோலரும் வைக்க முடியுமானால், பாடசாலைப் பிள்ளைகள் தங்கள் பெயரைத் தாங்களே கோத்து அச்சடித்துக்கொண்டு போவார்கள். 1578இல் கொல்லத்தில் 16 பக்கப் புத்தகமாக அச்சேறிய எழுத்து இது. அந்தப் பிள்ளைகளின் விரல் நுனியில் அது ஒரு தடவையாவது பட வேண்டும்.

பேத்தி விடுமுறை முடிந்து போகும்போது 36 பொயின்ட் பெட்டியைத் தன்னோடு கொண்டுபோனாள். ரயில் மேடையில் அதைத் தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டோம். அவளுடைய வகுப்பில் சிங்களப் பிள்ளைகளும் அதில் ‘மலை’ என்று கோத்துப் பார்த்தார்களாம். 12 பொயின்ட் இன்னும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

எந்த அச்சகத்திலாவது எழுத்துகள் கலந்து குவிந்து கிடந்து, பிரிக்க ஆள் இல்லாததால்தான் எடைக்குப் போடுகிறீர்கள் என்றால், இந்தப் பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். ஆசிரியர் எனக்கு அனுப்பிவைப்பார் என்று நம்புகிறேன். நான் வந்து பிரித்துத் தருகிறேன். கண் மங்கிவிட்டது, ஆனால் எழுத்தைப் பிரிக்கக் கண்ணை விட விரல்தான் வேண்டும். ஒரு பெட்டிக்கு இரண்டு நாள் போதும். கூலி வேண்டாம், பஸ் செலவும் என்னுடையது. திங்கட்கிழமை கிளினிக்குக்குப் போக வேண்டும். மற்ற எந்த நாளும் வரலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர் ஒருவர்,
டிக்கோயா.